நடவு வரிசையில் ஒருத்தி மட்டும் நிமிர முடியாது

குறுவை நடவு தொடங்கப் போகிறது. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எங்கள் மடைக்கு வந்து சேர்வதற்குள் நடவு வேலையில் வருகிற இடுப்பு வலி, மூட்டு வலி பற்றி இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நடவுக்குப் போகிற பெண்களும், அம்மாவையோ மனைவியையோ நடவுக்கு அனுப்புகிறவர்களும் அவசியம் படிக்க வேண்டும். நீடாமங்கலத்துப் பக்கம், வெண்ணாறு பிரிகிற மூணாறு தலைப்பிலிருந்து கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கர் சொந்த நிலம் இருக்கிறது. அதில் வேலை முடிந்ததும் அடுத்தவர் வயலுக்கும் நடவுக்குப் போவேன். பிளஸ் டூ வரை படித்திருப்பதால் எங்கள் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுவதும் நான்தான். வயது 44. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நானும் மாமியாரும்தான். குடும்பக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், வலி வந்தபோது நான் பட்ட பாட்டில் பாதி, விவரம் தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் பட்டிருக்க வேண்டியதே இல்லை.

போன வருடத்துக்கு முந்தின சம்பாவில் ஆரம்பித்தது. நடவு சமயத்தில் இடுப்பு வலி இல்லாத பெண் எங்கள் ஊரில் கிடையாது. ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு காலையில் கிளம்பிவிடுவோம். இந்த வலி அப்படி அடங்கவில்லை. இடது பக்கம் பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்கால் வரை சுரீரென்று இறங்கும். இருமினால் தும்மினால் உயிர் போகும். கொல்லைக்குப் போய்விட்டு எழ முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதிருக்கிறேன். மாமியாருக்குக் கண் பார்வை மட்டு. நான் படுத்துவிட்டால் அவருக்குச் சோறு போட ஆளில்லை. வீட்டுக்காரரிடம் போனில் சொல்லவில்லை, சொன்னால் அங்கே அவர் தூங்கமாட்டார். நடவுக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தபோது வேலைக்குப் போகிறவர்கள், “என்னடி, உடம்பு நோவுதா, வேலை நோவுதா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அது வலியைவிடக் கஷ்டமாக இருந்தது. கை ஒடிந்தால் மாவுக்கட்டு இருக்கும், பார்க்கிறவர்களுக்குத் தெரியும். இடுப்பு வலியும் மூட்டு வலியும் வெளியே தெரியாது. காய்ச்சல்போலத் தொட்டுப் பார்க்கவும் முடியாது. நம் சொல்லை நம்பினால்தான் உண்டு.

முதலில் போனது மெடிக்கலுக்கு. எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். “இடுப்பு வலி, கால்ல இறங்குது” என்று சொன்னால் போதும், அட்டையிலிருந்து வெட்டிய நாலைந்து மாத்திரைகளைக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். செட் மாத்திரை. எது என்ன என்று பேர் இருக்காது. சாப்பிட்ட அன்றைக்கே வலி பறந்துவிட்டது. நடவுக்கும் போனேன். தீர்ந்ததும் மறுபடி வலி, மறுபடி கவர். கொஞ்ச நாளில் முகம் உப்பியது, அகோரப் பசி எடுத்தது, ராத்திரித் தூக்கம் போய்விட்டது, நெஞ்சு எரிந்தது. பின்னால் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரையும் ஏறியிருந்தது. அந்தக் கவரில் இருந்த சின்ன மாத்திரை ஸ்டீராய்டு என்பதை அரசு மருத்துவர்தான் பார்த்துச் சொன்னார்.

ஸ்டீராய்டு உயிர் காக்கிற மருந்துதான், தேவையான நோய்க்கு டாக்டர் அளவு பார்த்துக் கொடுப்பார். வலிக்கென்று மாதக்கணக்கில் பேர் தெரியாமல் விழுங்கினால் சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், எலும்பே மெலிந்துபோகும். எலும்பு வலிக்கு எடுக்கிற மாத்திரை எலும்பைக் கரைக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? நெடுநாள் சாப்பிட்டவர்கள் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து. கவரோடு டாக்டரிடம் போய்க் காட்டி, அவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் விட வேண்டும். சாதாரண வலி மாத்திரைக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் சேற்றில் நின்றுகொண்டு தினமும் அதைப் போட்டால் சிறுநீரகம் கெடும். வயிற்றில் புண் வந்து மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரையை அட்டையோடு கொடுங்கள், பில் கொடுங்கள் என்று கேளுங்கள். கொடுக்க மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

அடுத்தது டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. உள்ளே போய் உட்கார்ந்த உடனே ஸ்கேன் எழுதினார்கள். என்னை நடக்கச் சொல்லவில்லை, காலைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஸ்கேன் வந்ததும், “ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துது, தேய்மானமும் இருக்கு, ஆபரேஷன் பண்ணலன்னா நடக்க முடியாமப் போயிடும்” என்றார்கள். ஜவ்வு என்பது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற மெத்தை. ஒன்றரை லட்சம் ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான் நினைத்ததை இங்கே எழுத மனம் வரவில்லை. ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளாததால் கரண்ட் வைப்பது, இடுப்பை இழுத்துக் கட்டுவது, ஊசி, பெல்ட் என்று சிகிச்சை போனது. நடுவில் ஒருவர் சொன்னார் என்று எண்ணெய்க் கட்டு, இன்னொருவர் சொன்னார் என்று மிதித்து நீவுவது. கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது. எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய்க்குக் குறையாமல் செலவு. நடவும் களையெடுப்பும் போய்க் கூலி இழந்தது தனி. சங்கிலிக்கு வட்டி இன்னும் ஓடுகிறது.

அந்தத் தேய்மானம் என்கிற சொல்லுக்கு நான் எவ்வளவு பயந்தேன்! இடுப்பு வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களையெல்லாம் தொகுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2015-ல் வந்திருக்கிறது. வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்ததாம், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கு. ஆகவே ஸ்கேனில் தெரிகிற தேய்மானம்தான் நம் வலிக்குக் காரணம் என்று ஆளைத் தொட்டுப் பார்க்காமல் சொல்லிவிட முடியாது. பிதுங்கிய ஜவ்வால் காலில் இறங்குகிற வலியும் பெரும்பாலானவர்களுக்குக் கத்தி வைக்காமலே சில வாரங்களில், சில மாதங்களில் தணிந்துவிடும். பெல்ட்டும் இழுவைக் கட்டும் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமாகக் கொடுக்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. உடற்பயிற்சியையும், நோயாளிக்கு விவரம் சொல்லிக் கொடுப்பதையும்தான் அது முன்னால் வைக்கிறது. நான் காசு கொடுத்து வாங்கியதெல்லாம் தேவையில்லாத பக்கம், காசில்லாமல் கிடைத்திருக்க வேண்டியது தேவையான பக்கம்.

அதற்காக இடுப்பு வலியை அலட்சியம் செய்யலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ தன்னையறியாமல் போனாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, உட்காருகிற இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுந்தாலோ ஒரு ராத்திரிகூடப் பொறுக்காதீர்கள், 108-க்குக் கூப்பிடுங்கள். காய்ச்சலோடு வருகிற முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைந்துகொண்டே வருகிற வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்கு வருகிற வலி, வயதானவர் விழுந்தபின் வருகிற வலி, இவற்றுக்கும் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. இவற்றில் ஸ்கேன் பெரும்பாலும் வேண்டும், சிலருக்கு ஆபரேஷனும் வேண்டும்.

எனக்கு வழி திறந்தது அரசு மருத்துவமனையில். மாமியாரின் கண்ணுக்காகப் போன இடத்தில், நான் உட்கார முடியாமல் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்த செவிலியர் எலும்புப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே மருத்துவர் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார், கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார், குதிகாலால் நடக்கச் சொன்னார். “பலம் குறையல. ஆபரேஷன் இப்ப வேண்டாம். படுத்தே கிடக்காதீங்கம்மா, முடிஞ்ச வரைக்கும் நடங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அத்தனை மாதம் அலைந்திருக்கிறேன். பிறகு பிசியோதெரபி அறை. அந்தப் பெண்ணுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். “நீங்க எப்படி நடுவீங்கன்னு செஞ்சு காட்டுங்கக்கா” என்றாள். காட்டினேன். முழங்கால் மடங்காமல் இடுப்பில் மடிந்து குனிவது, இடது கையில் நாற்று, இடது முழங்கை இடது தொடையில் ஊன்றியிருக்கும், வலது கை மட்டும் இடமும் வலமும் போய் வரும், பின்னால் பின்னால் நகர்வோம். பார்த்துவிட்டு, “ஒரு பக்கமாவே திருகி நிக்கிறீங்க, அதுவும் மணிக்கணக்குல. இடையில நிமிருங்கக்கா, அடிக்கடி நிமிருங்க” என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன். அவள் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்ததில் வலி காலிலிருந்து மேலே ஏறி இடுப்போடு நின்றது. அப்படி ஏறுவது நல்லதாம். பயிற்சி செய்யும்போது வலி காலில் இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு வந்து கேட்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள்.

ஆனால் அடிக்கடி நிமிருங்கள் என்று அவள் சொன்னது நடக்காத காரியம். நடவு நட்டவர்களுக்குத்தான் இது புரியும். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி எடுத்து, கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை பங்காகப் பிரிப்போம். வரிசையில் பத்துப் பதினைந்து பேர் ஒன்றாகப் பின்னால் நகரும்போது ஒருத்தி நிமிர்ந்தால் அவள் பங்கு நடப்படாமல் நிற்கும், பக்கத்தில் இருக்கிறவள் அதையும் சேர்த்து நட வேண்டும். “குனியவே மாட்டேங்குற, உனக்கும் ஒரு பங்கா?” என்று கேட்டுவிடுவார்கள். அதற்குப் பயந்தே வலியோடு குனிந்திருப்போம். டாக்டர் எனக்கு மட்டும் சொல்கிற அறிவுரை வரப்பு வரைக்கும்தான் வரும், வரப்பைத் தாண்டி வயலில் இறங்காது. என் இடுப்பைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வரிசை முழுக்க நிமிர வேண்டும். இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று. இதை எழுதுவதே இதைச் சொல்வதற்காகத்தான்.

குழுக் கூட்டத்தில் கடன் கணக்கெல்லாம் முடிந்தபிறகு இந்தப் பேச்சை எடுத்தேன். என் கதையை மொத்தமாக, பணக்கணக்கோடு சொன்னேன். சொல்லி முடித்தபோது பலர் கண்ணில் தண்ணீர். ஒவ்வொருத்தியாகத் தன் வலியைச் சொல்ல ஆரம்பித்தார்கள். வருடக்கணக்காக ஒரே வயலில் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து நின்றவர்கள் நாங்கள், இவளுக்கு முட்டி வீங்கியிருக்கிறது, அவள் ராத்திரி கை மரத்து எழுந்து உட்காருகிறாள் என்பது எங்களுக்குத் தெரியாது. அடுத்த வாரம் அந்தப் பிசியோதெரபி பெண்ணிடம் கேட்டபோது ஒன்று சொன்னாள். மூட்டு நோய்களை ஊர் மட்டத்திலேயே கண்டறிந்து தடுப்பதற்கென்று 1981-ல் உலக அளவில் காப்கார்ட் என்று ஒரு திட்டம் தொடங்கினார்களாம். இந்தியாவில் 1996-ல் புனே பக்கம் பிக்வான் என்கிற கிராமத்தில் அதைச் செய்தபோது, ஊர்க்காரர்களையே பழக்கி வீடு வீடாக அனுப்பி, எங்கே வலிக்கிறது என்று உடம்புப் படத்தில் குறித்து வரச் சொன்னார்களாம். அதே போல நாங்களும் ஒரு நோட்டு போட்டோம். பேர், வயது, என்ன வேலை, எங்கே வலி, காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு, என்ன மாத்திரை, கர்ப்பப்பை எடுத்தாயிற்றா, எப்போதாவது விழுந்தது உண்டா. நூறு நாள் வேலை நடக்கிற இடத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் எழுதியதுதான் அதிகம்.

கர்ப்பப்பையை ஏன் கேட்டோம் என்றால், மாதவிடாய் நின்றபிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாக மெலிகிறது. சினைப்பையையும் சேர்த்துச் சின்ன வயதிலேயே எடுத்துவிட்டவர்களுக்கு அந்த மெலிவு அவ்வளவு முன்னதாகத் தொடங்கிவிடும். எங்கள் நோட்டில் அப்படிப்பட்டவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம் இருந்தார்கள். அவர்களை எலும்பு அடர்த்தி பற்றிக் கேட்கச் சொல்லி அனுப்பினோம். காலை விறைப்பைக் கேட்டதில் இன்னொரு பலன். கீழத்தெருவில் ஒரு பெண், முப்பது வயதுகூட ஆகவில்லை, இரண்டு கை விரல் முட்டிகளும் வீங்கி, எழுந்து ஒரு மணி நேரத்துக்குக் கையை மடக்க முடியாமல் இருந்தாள். எப்போதோ வந்த சிக்குன்குனியாவின் மிச்சம் என்று விட்டுவிட்டிருந்தாள். பரிசோதித்ததில் முடக்குவாதம். இந்த நோயில் காலம் முக்கியம், சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம். விரல், மணிக்கட்டு போன்ற சின்ன மூட்டுகள் இரண்டு பக்கமும் வீங்கி, காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் இருந்து, வாரக்கணக்கில் போகாவிட்டால் ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதற்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை. மறந்து தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பெண் வீட்டுக் காலண்டரில் கிழமையைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தோம்.

வயலில் செய்த மாற்றங்களுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் கயிறு பிடித்து நடுகிற வயல்களில், ஒரு வரிசை முடிந்து கயிற்றை நகர்த்தும்போது கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். முன்பு அந்த நேரத்திலும் குனிந்தபடியே அடுத்த நாற்று முடியை, அதாவது நாற்றுக் கட்டை, அவிழ்த்துக்கொண்டிருப்போம். இப்போது ஆள் சேர்க்கிற அக்கா “நிமிரு” என்று ஒரு குரல் கொடுப்பார், எல்லோரும் நிமிர்ந்து, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துப் பின்னால் சாய்வோம். நாலைந்து மூச்சு, அவ்வளவுதான். எல்லோரும் நிமிர்வதால் யாரும் பின்தங்குவதில்லை. அடுத்தது கை மாற்றுவது. இடது தொடையில் ஊன்றியே பழகிய உடம்பு, வலது தொடைக்கு மாறும்போது முதலில் நடவு கோணலாகத்தான் வரும். இளம் பெண்களுக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. வயதானவர்களுக்குப் பழகவே இல்லை, அவர்களை வற்புறுத்தவும் இல்லை. நாற்றுப் பறிப்பதும் நடுவதும் ஒரே ஆட்கள் நாள் முழுக்கச் செய்யாமல் பாதி நாளில் மாறிக்கொள்வோம். நாற்று முடிகளைத் தலையில் சுமந்து சேற்றில் இறங்கும்போதுதான் பலருக்கு முட்டி பிசகியிருக்கிறது. இப்போது பிளாஸ்டிக் டிரம்மை நெடுக்காக அறுத்து, கயிறு கட்டி, வயல் தண்ணீரிலேயே இழுத்துக்கொண்டு போகிறோம். அறுத்துக் கொடுத்தது ஊர் வெல்டிங் பட்டறைத் தம்பி, காசு வாங்கவில்லை.

தண்ணீர் விஷயத்தையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒதுங்க இடமில்லை என்பதால் நடவு நாட்களில் பெண்கள் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். தசைப்பிடிப்பு வருவதற்கும் நீர்க்கடுப்பு வருவதற்கும் அது ஒரு காரணம். போர்செட் கொட்டகைக்குப் பக்கத்தில் தென்னை மட்டை கட்டி மறைப்பு வைத்துத் தரும் வயலுக்கு முதலில் வருகிறோம் என்று சொல்லிவிட்டோம். நடவுக்கு ஆள் கிடைக்காத காலம் என்பதால் நிலக்காரர்கள் சீக்கிரமே ஒத்துக்கொண்டார்கள்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. பெரிய சண்டை வந்தது கூலியில். முட்டி போன இரண்டு பெரியம்மாக்களைக் கயிறு பிடிக்கவும் முடி பிரித்துப் போடவும் வைத்துக்கொண்டு, அவர்களுக்கும் முழுப் பங்கு என்றோம். “குனியாதவங்களுக்கு ஏன் முழுப் பங்கு?” என்று கூட்டம் இரண்டாகிவிட்டது. சிலர் வேறு கூட்டத்துக்கே போய்விட்டார்கள். நான் சொன்னது, இன்றைக்கு அவர்கள், நாளைக்கு நாம் என்பதுதான். அது எடுபடவில்லை. எடுபட்டது என்னவென்றால், முடி தயாராகக் கையில் வந்து விழுந்ததால் நடவு முன்பைவிடச் சீக்கிரம் முடிந்ததுதான். வேலை சீக்கிரம் ஓடுவதைக் கண்ணால் பார்த்தபிறகு போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அன்றாடக் கூலியில் பிழைக்கிற வீட்டில் ஒவ்வொரு ரூபாயும் கேள்விதான்.

நடவு இயந்திரம் வந்தால் இந்தக் கஷ்டமே இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. இடுப்புக்கு நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கூலி போனால் இந்தப் பெண்களுக்கு மாற்று வேலை எது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு நடுவழியாகப் படுவது ஒற்றை நாற்று நடவு, அரசாங்கத்தில் திருந்திய நெல் சாகுபடி என்பார்கள். 22.5 சென்டிமீட்டருக்கு ஒரு நாற்று என்று சதுரமாக வைத்தால் சதுர மீட்டருக்கு 20 குத்துதான் (நாற்று ஊன்றுகிற இடம்) வரும். 20-க்கு 10 சென்டிமீட்டர் நடவில் 50 குத்து. கை போய் வருகிற தடவை பாதிக்கும் கீழே. சுமக்கிற நாற்றும் குறைவு. களையைக் குனிந்து பிடுங்காமல் கோனோவீடர் என்கிற களைக் கருவியை நின்றபடியே தள்ளிப் போகலாம். அதைக் கனத்த களிமண் வயலில் தள்ளினால் தோள் கழன்றுபோகும், அதனால் வயலில் தண்ணீர் அளவாக நிற்க வேண்டும், ஆள் மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். என் ஒன்றரை ஏக்கரில் இப்படித்தான் நடுகிறேன்.

சாயங்காலம் பஞ்சாயத்துக் கட்டடத்து வராந்தாவில் கூடுகிறோம். தனியாக வீட்டில் பயிற்சி செய்தால், “என்னம்மா, டான்ஸ் ஆடுறியா?” என்று கேட்பார்கள், நாலு நாளில் விட்டுவிடுவோம். இருபது பேர் சேர்ந்து செய்தால் யாரும் கேட்பதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காருவது, தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி இறக்குவது, காலை மடக்காமல் தூக்கி நிறுத்துவது. தொடைத் தசை பலமாக இருந்தால் முட்டி தாங்கும், அதனால் முட்டி வலிக்காரர்களுக்கு முதல் மருந்தே இந்த எழுந்து உட்காருவதுதான். எடை கூடியவர்களுக்கு ஒரு கணக்கு சொல்லலாம். ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது முட்டியில் விழுகிற பாரம் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியிலும் நாலு கிலோ குறைகிறது. நடவு இல்லாத மாதங்களில் வாரத்துக்கு 150 நிமிடமாவது நடப்பது என்று வைத்திருக்கிறோம், ஆற்றங்கரையில் கூட்டமாகப் போகிறோம். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது ஒற்றைக் காலில் நிற்பது, அடி மேல் அடி வைத்து நடப்பது என்று நிலை தடுமாறாமல் இருக்கப் பழக வேண்டும், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். வயதானவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அந்தக் குடும்பமே படுத்துவிடும். என் மாமியாருக்காகக் கொல்லைப் பக்கம் விளக்கு போட்டு, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் குழாய் பதித்ததற்கு ஆன செலவு, நான் வாங்கிய பெல்ட் விலைகூட இல்லை.

நடமாட முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டு வருகிறவர்கள் என்றுதான் பலரும் நினைத்திருக்கிறோம். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் அந்தத் திட்டத்தில் உண்டு. மாத்திரை கொண்டு வருகிற தன்னார்வலரிடம் பேரைக் கொடுத்துக் கேளுங்கள், காசு கிடையாது. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் சங்கிலி கழுத்தில் இருந்திருக்கும்.

சாப்பாட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்கிறார்கள். அரிசியில் அது மிகக் குறைவு. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. முருங்கைக்கீரை, எள், மோர், முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலி எல்லாம் நம் கையில் இருப்பவை. வைட்டமின் டி பாக்கெட் 60,000 யூனிட் என்று வாரம் ஒன்று எழுதிக் கொடுப்பார்கள். எத்தனை வாரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கி வருடக்கணக்கில் சாப்பிட்டால் அதுவும் விஷமாகும்.

2020-ல் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது, 2050-ல் அது 84.3 கோடியாகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் நோட்டில் இன்னும் ஆண்கள் பக்கம் முக்கால்வாசி காலி. நெல் கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்குகிறவர்கள் எழுத வரவில்லை. அங்கே சிப்பம், அதாவது ஒரு மூட்டை, 40 கிலோ. ஆனால் வியாபாரி லாரிக்கு ஏற்றுகிற மூட்டை 60 கிலோவுக்கும் மேல். ஆண் ஒருவர் தூக்குகிற சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரை செய்துவிட்டது. அவர்களுக்கும் மூட்டைக் கணக்கில்தான் கூலி, ஒருவர் மட்டும் “எனக்கு 60 கிலோ வேண்டாம்” என்று சொல்ல முடியாது. சம்பா அறுவடைக்கு முன்னால் அவர்கள் சங்கத்தில் பேச நேரம் கேட்டிருக்கிறோம். என் அடகுச் சீட்டையும் ஆபரேஷன் செலவு எழுதிக் கொடுத்த அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போவேன். இந்தக் குறுவையில் வேறு ஊர்க் கூட்டங்கள் யாராவது “நிமிரு” குரல் கொடுத்துப் பார்த்தால், எப்படி நடந்தது, எங்கே சண்டை வந்தது என்று எழுதுங்கள். எங்களுக்கு இன்னும் நிறையத் தெரிய வேண்டியிருக்கிறது.